சமத தியானம் – பிரிட்டனில்

மூச்சு போன்ற ஒரே பொருளில் மனத்தை ஊன்றி அமைதிப்படுத்தும் பௌத்தப் பயிற்சி சமதம். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர், இதற்குரிய தியானப் பொருள்கள் 40 என வகுத்தார்.  

20ஆம் நூற்றாண்டின் நடுவில் பர்மாவின் மகாசி சயாடோ கற்பித்த விபஸ்ஸனா (உள்நோக்கு) முறை ஆசிய நாடுகள் பலவற்றில் பரவியது. தாய்லாந்திலும் 1950களில் அதற்கே ஆதரவு பெருக, பழைய சமத வழிகள் ஒதுங்கின. அங்கே துறவியாக இருந்து இல்லறத்துக்குத் திரும்பிய நை பூன்மன், 1960களில் இங்கிலாந்து வந்து, லண்டன் ஹாம்ஸ்டெட் விகாரையிலும் கேம்பிரிட்ஜ் மாணவரிடையேயும் சமதத்தைக் கற்பித்தார். தாயகத்தில் செல்வாக்கிழந்த ஒரு மரபுக்கு அயலூர் மாணவர்கள் வாரிசானது விந்தைதான். 1973இல் சமதா அறக்கட்டளை உருவாயிற்று. அடுத்த ஆண்டே ஆசிரியர் தாய்லாந்து திரும்பிவிட்டார். பாலி மொழி அறிஞர் லான்ஸ் கசின்ஸ் (1942–2015) உள்ளிட்ட மாணவர்கள் கற்பித்தலைத் தொடர்ந்தனர்.

இவர்கள் கற்பிப்பது மூச்சுத் தியானம். மூச்சின் நீளம் நான்கு வகை: மிக நீண்டது, நீண்டது, குறுகியது, மிகக் குறுகியது. ஒவ்வொன்றிலும் எண்ணுதல், பின்தொடர்தல், தொடுமிடம் உணர்தல், நிலைகொள்ளுதல் என நான்கு படிகள். ஆக 16 நிலைகள். படிகள் விசுத்திமக்கத்தில் உள்ளவையே. மூச்சை வேண்டுமென்றே நீட்டுவதற்கும் குறுக்குவதற்கும் காரணம் உண்டு. தியானத்தில் இருக்கும் மனமும் அன்றாட வேலையில் இருக்கும் மனமும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அமரும்போது இயல்பான மூச்சை விட்டு விலகி, எழுமுன் அதற்கே திரும்பிவிட வேண்டும். இந்த எச்சரிக்கை குடும்பமும் உத்தியோகமும் உள்ளவர்களுக்கு மிகப் பொருந்தும்.

பாடம் வாரவகுப்பில் தொடங்குகிறது. மாணவர் வீட்டில் நாள்தோறும் பயின்று, அனுபவத்தை ஆசிரியரிடம் தனியே சொல்லி, அடுத்த படிக்கான வழிகாட்டலைப் பெறுவார். புத்தகத்தைப் பார்த்து இதைக் கற்றுவிட முடியாது. ஓரளவு பழகியபின் முகாம். அதற்காக 1987இல் வேல்ஸின் பொவிஸ் பகுதியில் கிரீன்ஸ்ட்ரீட் என்ற பண்ணையை வாங்கினர். அங்கு எழுப்பிய தியான மண்டபம் 1996இல் திறக்கப்பட்டது. பாலியில் ஓதுதலும் அங்கே பயிற்சியின் பகுதி.

கிரீன்ஸ்ட்ரீட் துறவியர் மடமன்று. அங்கே கற்பிப்போர் இல்லறத்தார், அதற்கு ஊதியம் வாங்குவதில்லை.