ஓஃப் ரோட் என்று யார் பெயர் வைத்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாவலப்பிட்டி டவுனில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு வகையான மோட்டார் பைக்குகளைப் பார்க்கலாம். முதல் வகை விடியற்காலையிலேயே கொழும்புப் பக்கமிருந்து கிளம்பி வந்தது. உயரமான சீட், கட்டை கட்டையான பல்லு வைத்த டயர், ஹெல்மட்டில் கமரா, முழங்காலுக்குக் காவல். பிளேன்டீ குடித்துவிட்டு தொலஸ்பாகைப் பக்கமோ கினிகத்தேனைப் பக்கமோ ஏறிவிடுவார்கள். இரண்டாவது வகை மேலே தோட்டத்திலிருந்து கீழே இறங்கி வரும் நூறு சீசீ பைக். டேங்கில் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா. திரும்பிப் போகும்போது அம்மாவின் மடியில் அரிசிப் பை, கொக்கியில் தொங்கும் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

இரண்டும் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. அதே கல்லு, அதே சேறு, அதே உடைந்த மதகு. முதலாவது பைக்காரர் அன்று இரவு வீடியோ போடும்போது அதற்கு 'அட்வென்ச்சர்' என்று பெயர். இரண்டாவது பைக்காரரிடம் கேட்டால், "டவுனுக்குச் சாமான் வாங்கப் போனேன்" என்பார்.

வருகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களுக்கும் பைக் பைத்தியம் உண்டு. ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஓஃப் ரோட் என்றால் பாதை இல்லாத இடம் என்று அர்த்தம். நம்ம பாதைகளோ நூற்றைம்பது வருசத்துக்கு முன்பே வெட்டப்பட்டவை. வெட்டிய பாதை எப்படி 'பாதை இல்லாத இடம்' ஆனது?

முதலில் பைக்கின் கதையைப் பார்ப்போம். 1977இல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பந்தயத்தில் ஓடும்போது லிபியப் பாலைவனத்தில் பைக்கோடு வழிதவறிப் போனார். உயிர் தப்பி வந்தவருக்கு அதே பாலைவனத்தில் எல்லாரையும் ஓடவிட வேண்டும் என்று ஆசை. 1978 டிசம்பர் 26இல் முதலாவது பாரிஸ்–டக்கார் பந்தயம் புறப்பட்டது. பைக் பிரிவில் யமஹா எக்ஸ்.டி.500இல் சிரில் நெவு ஜெயித்தார். 1980இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்80 ஜி/எஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. தார் ரோட்டில் தூரப் பயணம் போகவும் வேண்டும், மண் ரோட்டில் இறங்கவும் வேண்டும் என்று செய்த பெரிய பைக் அது. இன்று 'அட்வென்ச்சர் பைக்' என்று விற்கும் வண்டிகளுக்கு அதைத்தான் முன்னோடி என்பார்கள். நம்ம ஊரில் 'பாஜா' என்று கூப்பிடும் ஹொண்டாவின் பெயரும் ஒரு பந்தயத்திலிருந்து வந்ததுதான். மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனப் பந்தயம் அது.

இந்தச் சாகசக் கதையில் ஓர் ஆள் எப்போதும் படத்துக்கு வெளியே நிற்கிறார். பந்தயம் ஓடிய பாதைகள் சகாராவிலும் சாஹேலிலும் வாழ்ந்த சனங்கள் ஆட்டை ஓட்டிப்போன, சந்தைக்கு நடந்துபோன பாதைகள். 1988 பந்தயத்தில் ஓட்டுநர்கள் மட்டும் சாகவில்லை, வழியிலிருந்த ஊர்க்காரர்களும் வாகனம் மோதிச் செத்தார்கள். ஐரோப்பாவிலேயே அப்போது கடுமையான எதிர்ப்புக் கிளம்பியது. ஒருவருடைய அன்றாடப் பாதை இன்னொருவருடைய பந்தயத் திடலாக மாறும் கதை டக்காரில் தொடங்கவுமில்லை, அங்கே முடியவுமில்லை.

இனி நம்ம மலைக்கு வருவோம். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிப் பாதை வெட்டப்பட்டது. அதே காலத்தில்தான் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். பாதையும் தோட்டமும் ஒன்றையொன்று கைபிடித்துத்தான் மலை ஏறின. கோப்பிக்கு ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து நம்ம சனத்தைக் கூட்டி வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்கள் கணக்கில் வராதவர்கள். இந்த மலையின் முதல் ஓஃப் ரோட் பயணம் வெறுங்காலால் நடந்தது.

கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இல். அதற்கு மேலே ஹட்டனுக்குப் போக இன்னும் பத்து வருசம் பிடித்தது, 1884 வரை. இந்தப் பத்து வருசம் நம்ம ஊருக்கு முக்கியமானது. அத்தனை காலமும் கோச்சி நாவலப்பிட்டியோடு நின்றது. டிக்கோயா, டிம்புள்ள, மஸ்கெலியாப் பக்கத்துச் சரக்கு மாட்டு வண்டியில் இறங்கி வந்து இங்கேதான் ரயில் ஏற வேண்டும். கோச்சியில் வந்த அரிசியும் சாமானும் இங்கேதான் இறங்கி வண்டியில் மேலே போக வேண்டும். ஏறக்குறைய 1,900 அடியில் இருக்கும் நாவலப்பிட்டிக்கும் 4,100 அடிக்கு மேலே இருக்கும் ஹட்டனுக்கும் நடுவில் அந்த ஏற்றம்.

ஏற்றத்துக்கு முன்னால் இருக்கும் ஊரில் உடைந்த சில்லை மாற்றவும், லாடம் அடிக்கவும், அச்சுக்கு மசகு போடவும் ஆள் இருந்தே ஆக வேண்டும். பிறகு ரயில் எஞ்சின்களுக்கான ஷெட்டும் இங்கே வந்தது. அதற்கும் பிறகு பஸ், லொறி, பைக். நாவலப்பிட்டியில் எதற்கு இத்தனை கராஜ் என்று கேட்பவர்களுக்கு, மலைதான் காரணம் என்று சொல்லலாம். மேலே ஏறப்போகும் வண்டியும் மேலேயிருந்து உடைந்து வரும் வண்டியும் நிற்கிற இடம் இது.

அந்தப் பாதைகள் எதற்காக வெட்டப்பட்டன என்று பாருங்க. ஒரு தோட்டத்துப் பாதையை மேலிருந்து கீழாகப் பின்தொடர்ந்தால் மலை மட்டத்திலிருந்து ஃபெக்டரிக்கு வரும். ஃபெக்டரியிலிருந்து பெரிய ரோட்டுக்கோ ஸ்டேசனுக்கோ போகும். கொழுந்து இறங்குவதற்கும் உரம் ஏறுவதற்கும் போட்ட பாதை அது. லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும் என்று யாரும் அதை வரையவில்லை. லயத்துப் பக்கம் போனது பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையும் குறுக்குப் படியும்தான். கோப்பி பூஞ்சை நோயில் அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் பாதையின் திசை மாறவில்லை.

அந்தப் பாதையில் முதலில் தொரை குதிரையில் போனார், பிறகு மோட்டார் பைக்கில் போனார். சின்னத்தொரையின் பைக் சத்தம் கேட்டால் மலையில் பேச்சு நின்றுவிடும் என்று நம்ம தாத்தா பாட்டிமார் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! மோட்டார் பைக் மலைக்கு வந்தபோது அது மேற்பார்வையின் சத்தமாகத்தான் வந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்டை ஏற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கிவிட்டது. பந்தயம் ஓடியது தேயிலைக்கு நடுவே ஏறும் பாதையில். அதே காலத்தில் அதே மாதிரிப் பாதையில் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஏற்றம் ஒருவருக்கு விளையாட்டு, மற்றவருக்கு நாள் சம்பளம்.

சரி, வெள்ளைக்காரன் போன பிறகாவது பாதை சரியாகியிருக்க வேண்டாமா? இங்கேதான் விசயம் இருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம சனத்தில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. ஓட்டு இல்லாதவன் நடக்கும் பாதைக்கு எந்த அரசியல்வாதி தார் ஊற்றுவான்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் 22 பிராந்தியக் கொம்பனிகளுக்குப் போனது. இடையில் 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. கிராமத்துப் பாதை, லைட், தண்ணீர் எல்லாம் பிரதேச சபையின் பொறுப்பு. ஆனால் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடத் தடையாக நின்றது. தோட்டம் கொம்பனியின் இடம், அங்கே சபை கைவைக்க முடியாது என்பதே பதிலாக இருந்தது.

அதாவது ஒரு தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு ஓட்டுப் போடலாம், தலைவரைத் தெரிவு செய்யலாம். தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு குழியை மூட அந்தச் சபையிடம் கேட்க முடியாது. கொம்பனியைக் கேட்டால் கொழுந்து லொறி போகிற அளவுக்குப் பாதை போதும். முப்பது வருசம் இப்படிப் போனது. பலரும் குரல் கொடுத்துக் கொடுத்து 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

கொழும்பிலிருந்து வரும் நண்பர்கள் 'செம ட்ரெய்ல்' என்று சொல்லும் கல்லும் குழியும் மலை தானாகச் செய்தது கிடையாது. மழைக்கும் மண்சரிவுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் கண்டி ரோட்டில் மண் சரிந்தால் அன்றைக்கே இயந்திரம் வருகிறது. தோட்டத்துப் பாதையில் சரிந்தால் மண்வெட்டியோடு லயத்து ஆட்கள் வருகிறார்கள்.

இந்தப் பாதைக்குப் பைக் எப்படி நம்ம கைக்கு வந்தது? 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுகிக் கிடந்தது. உதிரிப்பாகம் கிடைக்காத காலம். உடைந்ததை லேத்தில் கடைந்து, இன்னொரு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தி ஓட்ட வேண்டும். நம்ம பாஸ்மாரின் கைத்திறனுக்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு வாத்தியார். 1977இல் சந்தை திறந்ததும் ஜப்பான் பைக்குகள் வந்தன. பாவித்த ட்ரெயில் பைக்குகளும் வந்தன. பிறகு லீசிங்கில் இந்திய நூறு சீசீ பைக். இன்று நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்தான். தோட்டத்தில் அது பஸ் வராத இடத்தின் பஸ், அம்புலன்ஸ் வராத இரவின் அம்புலன்ஸ்.

நூறு சீசீ பைக்கை மலைக்குப் பழக்குவது தனி வித்தை. முன் ஸ்ப்ரொக்கட்டில் 14 பல்லுக்குப் பதில் 13 பல்லுப் போட்டால் இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும், வேகம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். மலையில் வேகம் யாருக்கு வேணும்? இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடாகிப் பிடிக்காமல் போகும், இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் நின்றால் அவசரப்பட்டு உதைக்கக் கூடாது. ப்ளக்கைக் கழற்றிவிட்டு உதைத்தால் தண்ணீர் அந்த ஓட்டையால் துப்பும். பிறகு எயார் ஃபில்டரைப் பிழிந்து காயவைத்து, ஒயிலைப் பார்க்க வேண்டும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றாமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். இவையெல்லாம் உலகம் முழுக்க அட்வென்ச்சர் ஓட்டிகள் காசு கட்டிப் படிக்கும் பாடங்கள். நம்ம பையன்கள் பதினெட்டு வயதுக்கு முன்பே கற்றுவிடுகிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 தொடங்கும் வரை திறக்கவில்லை. பழைய வண்டியின் விலை ஏறியது, பார்ட்ஸ் விலையும் ஏறியது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். மட்டமான நகரத்து ரோட்டில் 4 லீற்றர் ஓடும் தூரமும் முதல் கியரில் ஏறும் மலையில் 4 லீற்றர் ஓடும் தூரமும் ஒன்றில்லை. கியூஆருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அட்வென்ச்சர் பைக் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சே குவேராதான். 1952இல் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவோடு ஒரு பழைய நோர்டன் 500இல் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். பைக் விழுந்து, உடைந்து, கம்பியால் கட்டி ஓடி, கடைசியில் சிலியில் அடியோடு நின்றுபோனது. பைக்கில் போனவரை அது இரண்டு பொடியன்களின் ஊர் சுற்றல். நடக்கத் தொடங்கிய பிறகுதான் சுரங்கத் தொழிலாளிகளையும் வேலை தேடி அலைந்தவர்களையும் சரியாகச் சந்தித்தார்கள். ஏழு வருசம் கழித்து, 1959இல், அதே சே இலங்கைக்கு வந்தபோது ஹொரணைப் பக்கத்தில் யஹலகலே இறப்பர் தோட்டத்துக்குப் போய் ஒரு மஹோகனி மரமும் நட்டார்.

அதனால் ட்ரெயில் பைக் நண்பர்களே, வாங்க. தேத்தண்ணி குடிங்க, மலை ஏறுங்க. கொழுந்துப் பெண்கள் வரும் நேரத்தில் வேகத்தைக் குறைங்க. மழைக்கு மறுநாள் மண் பாதையைப் பல்லு டயரால் உழுதுவிட்டுப் போகாதீங்க. நீங்கள் விட்டுப்போன தடத்தில்தான் திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும். வண்டி உடைந்து நின்றால், உதவிக்கு வருகிற தம்பியிடம் இந்தப் பாதை எத்தனை வருசமாக இப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்க. அந்தப் பதிலையும் வீடியோவில் போடுங்க.

நம்ம பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 2018க்குப் பிறகு "தோட்டத்துக்குள் சபை செலவழிக்க முடியாது" என்ற பழைய பதில் செல்லாது. பிரதேச சபைக்கு எழுத்தில் கேட்கலாம். பாதையின் பெயர், நீளம், அதை நம்பியிருக்கும் வீடுகள், ஆஸ்பத்திரிக்குப் போக எடுக்கும் நேரம், நாலு போட்டோ. பைக் வைத்திருக்கும் நமக்கு இதைச் சேர்க்க ஒரு நாள் போதும். அடுத்த ஞாயிறு, மலை ஏறுகிற ஆட்கள் டயரியும் பேனாவும் எடுத்து வாங்க.