எதிர்த்திசையில் ஓடிய குருதி

பாஸ்டன் நகரில் 1933ஆம் ஆண்டு பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்னும் மருத்துவர் மூவர் மூன்று மாதக் குழந்தை ஒன்றின் நோய் வரலாற்றை வெளியிட்டனர். பால் அருந்தும்போது அக்குழந்தை திடீரென வெளுத்து, வியர்த்து, துடிதுடிக்கும். முதியோர்க்கு வரும் மாரடைப்பு நோவு மழலைக்கும் வருமோ? மருத்துவர்கள் அவ்வாறே ஐயுற்றனர். எக்ஸ்ரே படத்தில் இதயம் பெருத்துக் காணப்பட்டது. எனினும் உண்மை வெளிப்பட்டது குழந்தை இறந்தபின் நடந்த சவப்பரிசோதனையிலேதான். இதயத் தசைக்கு உணவூட்டும் முடியுருத் தமனிகள் இரண்டும் பெருந்தமனியிலிருந்து கிளைப்பது இயற்கை. இக்குழந்தைக்கோ இடது தமனி நுரையீரல் தமனியிலிருந்து கிளைத்திருந்தது.

நுரையீரல் தமனியில் ஓடுவது பிராணவாயு குறைந்த குருதி. அதைப் பெற்றே தசை நலிந்தது என்பது எவர்க்கும் எளிதில் தோன்றும் விளக்கம். ஆயின் அது பொருந்தாது. பிறந்த நாளில் நலமாயிருக்கும் குழந்தை சில வாரங்கள் கழித்து நலிவானேன்? பிறந்தபின் நுரையீரல் விரிய, அத்தமனியின் அழுத்தம் படிப்படியாகத் தணிகிறது. தணிந்ததும் வலது தமனியின் நல்ல குருதி இணைப்புக் குழாய்கள் வழியே இடது தமனிக்குள் புகுந்து, தசைக்குப் பயன்படாமல் நுரையீரல் தமனிக்குள் வடிந்துவிடுகிறது. மேட்டிலிருந்து வரும் வாய்க்கால் நீர் வயலில் நில்லாது பள்ளத்து ஓடைக்குப் போவது போன்ற நிலை இது.

வியப்பு என்னவெனில், இவ்வாறு நுரையீரல் தமனியிலிருந்து கிளைத்த முடியுருத் தமனிகளை 1880களின் நடுவிலேயே இறந்தோர் உடலிற் கண்ட புரூக்ஸ் என்னும் உடற்கூற்றறிஞர், அவை சிரையைப் போலவே தொழிற்பட்டிருக்கும் என ஊகித்திருந்தார். ஆயினும் ஊகம் ஊகமே. பிணத்தில் குழாய் தெரியும்; ஓட்டம் தெரியாது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களாகிய சபிஸ்டன், நீல், டவ்சிக் ஆகியோர் 1960இல் இதற்கு விடை தந்தனர். அறுவையின்போது அத்தமனியை அதன் அடியில் இறுக்கிப் பிடித்தனர். குருதி அங்கிருந்து வருவதாயின் தமனியின் அழுத்தம் விழவேண்டும், அதுவோ உயர்ந்தது! ஓட்டம் எதிர்த்திசையில் என்பது உறுதியாயிற்று.

மார்பைத் திறவாமல் காணும் வழியும் அக்காலத்திலேயே பிறந்தது. அதுவும் ஒரு தவற்றினால். 1958 அக்டோபரில் கிளீவ்லண்டு மருத்துவர் மேசன் சோன்ஸ் பெருந்தமனியைப் படமெடுக்க முனைந்தபோது, குழலின் நுனி வலது முடியுருத் தமனிக்குள் நழுவிப் புக, சாயம் முழுவதும் அதற்குள் பாய்ந்தது. நோயாளியின் இதயம் சில நொடி நின்றேவிட்டது. சோன்ஸ் அவரை இருமச் சொன்னார். இதயம் மீண்டும் துடித்தது. இத்தமனிகளுக்குள் நேரே சாயம் செலுத்தலாகாது என்ற அச்சம் அன்று தகர்ந்தது. சாயம் செல்லும் வழியைத் தொடர்ந்து படமெடுக்கையில் இணைப்பும் தெரிந்தது, திசையும் தெரிந்தது.

இன்று பச்சிளங்குழந்தைக்குக் குழல் செலுத்தாமலே பெரும்பாலும் நோயறிய இயலும். 1953இல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் ஆகிய இருவரும், கப்பல் கட்டும் தளத்தில் இரும்பின் விரிசலைத் தேடப் பயன்பட்ட ஒலிக்கருவியை இதயத்தின்பால் திருப்பினர். அதன் வழிவந்த கருவிகள் இன்று குருதியின் போக்கை வண்ணத்தில் காட்டுகின்றன. சிவப்பு நல்ல குருதி, நீலம் கெட்ட குருதி என்று பலர் மயங்குவதுண்டு. அவை கருவியை நோக்கி வருவதையும் விலகிச் செல்வதையும் குறிப்பனவே.

வண்ணமின்றி வடிவத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறவும் கூடும். பிறழ்ந்த தமனி பெருந்தமனியை ஒட்டியே செல்வதால், அதனோடு இணைந்ததுபோலத் தோன்றும். அவ்விடத்தில் ஓட்டத்தின் திசையே சான்று. ஐயம் தீராவிடில் சி.டி. படம் தமனியின் பிறப்பிடத்தைத் துலக்கிவிடும். பிறகு அறுவை மருத்துவர் தமனியை அடியோடு பெயர்த்துப் பெருந்தமனியில் பொருத்துகிறார். உரிய காலத்தில் இது நடந்தால், பெருத்துத் தளர்ந்த இதயம் பெரும்பாலான குழந்தைகளில் மெல்ல மெல்லத் தன் வலிமையை மீளப் பெறுகிறது.