காற்று வந்த திசை: ஸ்வெர்ட்லோவ்ஸ்க் 1979 தரும் பாடம்

உயிரியல் அபாயம் என்றதும் பாடநூல்கள் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி, அவற்றின் நச்சு எனப் பட்டியல் போடுகின்றன. ஆய்வகக் கையேடுகள் நுண்ணுயிரிகளை நான்கு இடர்ப்பிரிவுகளாக அடுக்குகின்றன. பட்டியல் தேவைதான். ஆனால் ஒரு கிருமி எத்தனை பேரைக் கொல்லும் என்பதைப் பிரிவு எண் சொல்லிவிடாது. அது உடலுக்குள் எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு போகிறது, போனது இன்னதென்று மருத்துவருக்குத் தெரியுமா என்ற மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவதை நாம் அபாயக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்று சொல்லும் ஆந்த்ராக்ஸ் இதற்குத் தக்க சான்று. இதன் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் பிரிட்டன் 1942இல் ஆடுகள்மேல் இதைச் சோதித்தது. 1990இல்தான் அத்தீவு பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்டது. தோல் கீறல் வழியே புகுந்தால் கறுத்த புண் வரும். மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். அதே கிருமி மூச்சு வழியே உள்ளே போனால் சில நாளில் உயிரைப் பறிக்கும். ஆளிடமிருந்து ஆளுக்கு இந்நோய் அநேகமாகத் தொற்றுவதில்லை.

சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் (இன்றைய எகடெரின்பர்க்) நகரில் 1979 ஏப்ரல், மே மாதங்களில் குறைந்தது 66 பேர் இந்நோயால் இறந்தனர். நோயுற்ற மாட்டின் இறைச்சியே காரணம் என்றது அரசு. அதற்கேற்ப இறைச்சி பறிமுதலானது, தெருநாய்கள் சுடப்பட்டன, கட்டடங்கள் கழுவப்பட்டன. மருத்துவமனை ஆவணங்களைச் சோவியத் உளவுத்துறையான கேஜிபி எடுத்துச் சென்றது.

பிணக்கூறாய்வு செய்த ஃபைனா அப்ரமோவாவும் லெவ் கிரின்பெர்க்கும் திசு மாதிரிகளையும் குறிப்புகளையும் மறைத்துக் காப்பாற்றினர். 42 உடல்களின் முடிவுகள் 1993இல் வெளியாயின. மார்புக்கூட்டின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கி, இரத்தம் கசிந்திருந்தன. தின்ற இறைச்சி முதலில் தாக்குவது குடலை. மார்பிலோ நோய் மூச்சோடு நுழைந்த தடம் இருந்தது. அமெரிக்க உயிரியலாளர் மேத்யூ மெசல்சனின் குழு 1992இல் அங்கு சென்று, நோயுற்றோர் பகலில் எங்கிருந்தார்கள் என்று வீடுவீடாக விசாரித்தது. வரைபடத்தில் குறித்தபோது, கிருமி ஆயுத ஆய்வு நடந்த 19ஆம் இராணுவ வளாகத்திலிருந்து நகரின் தெற்கு எல்லைவரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய பட்டைக்குள்ளேயே பெரும்பாலானோர் இருந்தனர். அப்பட்டைக்குள் இருந்த ஒரு பீங்கான் தொழிற்சாலையின் தொழிலாளர் பலர் அவர்களில் அடக்கம். அதே கோட்டை நீட்டினால், சுமார் 50 கிலோமீட்டர் தொலைவுவரை ஆடுமாடுகள் செத்த ஊர்கள். ஏப்ரல் 2 அன்று காற்று வீசிய திசையும் அதுவே.

உண்மை தெரிந்திருந்தாலும் மூச்சுவழி ஆந்த்ராக்ஸில் சாவு தவிர்க்க முடியாதது என்று ஒருவர் மறுக்கலாம். நோய்க்குறி முற்றியவர்களைப் பொறுத்தவரை அது பெரிதும் சரி. ஆனால் வித்துகளைச் சுவாசித்த எல்லோரும் உடனே படுக்கவில்லை; சிலர் ஆறு வாரம் வரை கழித்தே நோயில் விழுந்தனர். அந்த இடைவெளியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து காப்பாற்றும். ஏப்ரல் நடுவில் தடுப்பூசியும் மருந்தும் தரப்பட்டன என்பது உண்மை. எனினும் காற்றின் திசை முதல் நாளே சொல்லப்பட்டிருந்தால், அப்பட்டைக்குள் இருந்தவர்களுக்கே முதலில் மருந்து போய்ச் சேர்ந்திருக்கும். இறைச்சிக் கதை மருத்துவர்களின் கவனத்தை வேறு பக்கம் திருப்பியது. ஆகவே அந்தப் பொய்யும் அபாயத்தின் ஒரு கூறு என்றே நான் கொள்கிறேன்.

கிருமி கசிந்ததற்கு இராணுவமே காரணம் என்று ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின் 1992இல் ஒப்புக்கொண்டார். உயிரியல் ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1975லேயே நடைமுறைக்கு வந்திருந்தது. சோவியத் ஒன்றியமும் அதில் கையொப்பமிட்ட நாடு. இரசாயன ஆயுத உடன்படிக்கைக்குச் சோதனையாளர்களை அனுப்பும் தனி அமைப்பு உண்டு. உயிரியல் ஆயுத உடன்படிக்கைக்கு அப்படியொன்றை உருவாக்கும் பேச்சு 2001இல் முறிந்தது. இன்றுவரை அது இல்லை.