'கலீஜ்' பிறந்த கதை

2006ஆம் ஆண்டு தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, நம் கல்லூரி விடுதியில் சேர்ந்தவன் நான். முதல் நாள் மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன் ஒருவர், "அந்தத் தட்டு கலீஜா கீது நைனா, வேற எட்துக்கோ" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ராத்திரி அறையில் அவரைப் போலவே பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் என்னிடம் மட்டும், "சாம்பார் வேண்டுமா, தம்பி?" என்று பாடப்புத்தகத் தமிழில் பேசினார். நாலு வருஷமும் அப்படியே.

அந்த உறுத்தலில்தான் இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். (நான் மொழியியல் படித்தவனல்லன், கட்டடப் பொறியாளன்!) ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். அவருடைய அரசவை மொழி பாரசீகம். சுற்றியுள்ள திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பகுதிகளில் உருது புழங்கியது. நம் 'பேஜார்' பாரசீகச் சொல். 'கலீஜ்' அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. 'துட்டு' என்பது பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்களின் செப்புக்காசு. 'கஸ்மாலம்' என்றால் காதைப் பொத்திக்கொள்கிறோமே, அது சமஸ்கிருதம். பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணனே அர்ச்சுனனிடம் சொல்கிற சொல்!

போர்த்துக்கீசியர் தந்த ஜன்னலும் சாவியும் நம் வீடுகளில் கௌரவமாக இருக்கின்றன. கலீஜுக்கு மட்டும் ஏன் இந்த அவமானம்? ரிக்‌ஷாக்காரரும் மீனவரும் பேசிய சொல் என்பதால்தானே?

எங்கள் காலத்து 'மொக்கை'யும் வானத்திலிருந்து விழவில்லை. முனை மழுங்கிய கத்தியை மொக்கை என்பது பழைய வழக்கு. சிரிப்பு வராத ஜோக்குக்கும் அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் 'கிரிஞ்ச்', 'வைப்' என்கிறார்கள். எனக்குப் பாதி புரிவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், பேசிக் காட்டுவதில்லை.

இறுதியாண்டுப் பிரிவு உபசார விருந்தன்று அந்த அண்ணனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல், "வுடு நைனா, இன்னொரு வடை துன்னு" என்றார். 'நைனா' தெலுங்கிலிருந்து வந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.