ஓர் ஆணியில் தொங்கும் 400 கிலோ

வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும் ரூட்டரின் மூதாதை 400 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. பெயர் ஐ.எம்.பி. ஹனிவெல் கணினி ஒன்றைத் திருத்தி பி.பி.என். நிறுவனம் செய்த அந்த இயந்திரம், 1969 ஆகஸ்டு இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வந்திறங்கியது. பீரோ அளவு உடம்புக்கு வேலை என்னவோ ஒன்றுதான்: துண்டு துண்டாக வரும் செய்தியை வாங்கி, எது எங்கே போகவேண்டும் என்று பார்த்து அந்தப் பக்கம் அனுப்புவது. ரூட்டரின் அடிப்படை வேலை இன்றும் அதுவே.

1980களில் ஸ்டான்போர்டு வளாகத்தின் வெவ்வேறு நெட்வொர்க்குகளை இப்படிப்பட்ட பெட்டிகள் இணைத்தன. அந்த வழியில் 1984இல் சிஸ்கோ பிறந்தது. ஆனால் வீட்டுக்குள் நுழைய ஒரு தந்திரம் தேவைப்பட்டது. இணைப்பு தருபவர் வீட்டுக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே முகவரி. உள்ளே கருவிகளோ பல. 1994இல் வெளியான ‘நாட்’ முறை இதைத் தீர்த்தது. ரூட்டர் உள்ளே இருப்பவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியே தன் முகவரியை மட்டும் காட்டும். பதில் வந்ததும், கேட்டது எது என்று பார்த்து அதனிடம் சேர்க்கும். பக்கத்து வீட்டிலும் அதே 192.168 இருந்தாலும் குழப்பம் வராதது இதனால்தான்.

2002 இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் நீலமும் கறுப்புமாக, இரண்டு ஆன்டெனாவுடன் டபிள்யூஆர்டி54ஜியைக் கொண்டுவந்தது. ரூட்டர், நான்கு துளை ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் மூன்றும் ஒரே உடலில். ஸ்விட்ச் வீட்டுக் கருவிகளைக் கேபிளால் சேர்க்கும். ஆக்சஸ் பாயின்ட் வைஃபையால் சேர்க்கும். வெளியே போகும் வழி ரூட்டருக்குத்தான் தெரியும். அதன் உள்ளே ஓடியது லினக்ஸ் என்று தெரியவந்ததும், லினக்ஸின் உரிம விதிப்படி நிரலை வெளியிடவேண்டியதாயிற்று. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் வளர்ந்தது. ஒரு வீட்டுச் சாமானுக்கு இவ்வளவு பெரிய வாரிசு கிடைப்பது அபூர்வம்.

இணைப்பு தருபவரின் கம்பியை ரூட்டரோடு சேர்க்கும் மோடம் மட்டும் அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றது. ஃபைபர் வந்தபின், மோடத்தின் இடத்தில் ஒளியைக் கருவிகளுக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றும் ஓ.என்.டி.யும் பல வீடுகளில் அதே பெட்டிக்குள் குடியேறிவிட்டது. பெரிய அலுவலகங்களில் இவை இன்றும் தனித்தனி: ரூட்டரும் ஸ்விட்சும் ரேக்கில், ஆக்சஸ் பாயின்ட்கள் கூரையில். ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றலாம்.

வீட்டில் எது கெட்டது என்று பெட்டியின் விளக்குகளைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள். கேபிளில் நெட் நன்றாக வந்து, போனில் மட்டும் திணறினால் குறை வைஃபையில். முதலில் பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து உயரமாக மாட்டிப் பாருங்கள்.