‘மாதிரி’ என்னும் சொல்லும் ஒரு முதுகெலும்பும்

சில வாரங்களாக மனத்தை விட்டு அகலாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

அண்மையில் ஒரு பழைய பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தைப் பார்க்க நேர்ந்தது. அலமாரியில் இரும்புக் கம்பியில் கோத்த முதுகெலும்பு ஒன்று தொங்கியது. இருப்புப் பதிவேட்டில் ‘முதுகெலும்பு மாதிரி – 1’ என்று எழுதியிருந்தார்கள். அருகில் சென்று பார்த்தேன். ஓரம் உடைந்திருந்த ஒரு முள்ளெலும்பின் உள்ளே கடற்பஞ்சு போன்ற நுண்துளைகள் தெரிந்தன. அச்சில் வார்த்த நெகிழியில் அத்தகைய துளைகள் இருக்க வழியில்லை. பதிவேடு ‘மாதிரி’ என்று குறித்திருந்தது ஒரு மனிதரின் முதுகை.

பதிவேட்டை எழுதியவர் பொய் எழுதவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. தமிழில் ‘மாதிரி’ என்பது நகலையும் குறிக்கும். மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு கூறையும் குறிக்கும். கடையில் மாதிரிக்குக் கொடுக்கும் அரிசி உண்மையான அரிசிதான். மாதிரி வீடு என்பதோ பிறர் பார்ப்பதற்காகக் கட்டியது. ஆங்கிலத்தில் ‘மாடல்’, ‘ஸ்பெசிமன்’ என இரண்டாகப் பிரிந்து நிற்பவை நம்மிடம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மொழியியல் மாணவிக்கு இது சுவையான பல்பொருள் ஒருமொழி. ஆனால் அந்த அலமாரியின் முன் அது ஒரு வரலாற்றை மூடிய திரையாகத் தோன்றியது.

அந்த வரலாறு பிரித்தானியாவிலிருந்து தொடங்குகிறது. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவருக்கு உடல்களை விற்பதற்காகவே தொடர் கொலைகள் செய்தது வெளிப்பட்டது. 1832இல் உடற்கூற்றியல் சட்டம் வந்தது. உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகள் பெற அது வழிசெய்தது. ஆனால் ஆய்ந்து முடித்த உடலை அடக்கம் செய்தாக வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. அறுத்துப் படிக்க உடல் கிடைத்தது. மேசைமேல் வைத்துப் படிக்க எலும்பு கிடைப்பது அரிதாகவே இருந்தது. மாணவர்கள் ஆளுக்கு ஒரு பாதி எலும்புக்கூடாவது சொந்தமாக வைத்திருக்க விரும்பிய காலம் அது. அந்தத் தேவை கடல் கடந்து தன் சந்தையைக் கண்டுகொண்டது.

1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு பண்டிதர் மதுசூதன் குப்தா அங்கே மனித உடலை அறுத்த நிகழ்வு, இந்திய நவீன மருத்துவத்தின் தொடக்கமாக இன்றும் கொண்டாடப்படுகிறது. சமயத் தடையை மீறிய துணிவு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுக்கப்பட்ட உடல் யாருடையது என்ற கேள்வி அந்தக் கொண்டாட்டத்தில் எழுவதில்லை. எலும்பைப் பிரித்துத் தூய்மை செய்யும் வேலை, தலைமுறைகளாகச் சுடுகாட்டுப் பணிக்குத் தள்ளப்பட்டிருந்த டோம் சமூகத்தாரின் கைகளுக்குப் போயிற்று. 1850களிலேயே அக்கல்லூரியில் ஆண்டுக்கு 900 எலும்புக்கூடுகள் தயாராயின என்றும், அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்குச் சென்றன என்றும் இவ்வணிகத்தைத் தேடி எழுதிய செய்தியாளர் ஸ்காட் கார்னி குறிப்பிடுகிறார்.

அவர் விவரிக்கும் செய்முறை இது: உடலை வலையில் சுற்றி ஆற்று நீரில் ஒரு வாரம் போட்டுவைப்பார்கள். பிறகு சுரண்டி, எரிசோடா கலந்த நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் வெளுக்க விட்டு, அமிலத்தில் நனைத்து எடுப்பார்கள். முதுகெலும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள 23 வட்டுகள் மென்திசுவால் ஆனவை. இந்தச் செய்முறையில் அவை எஞ்சுவதில்லை. ஆகவே கம்பியில் கோக்கும்போது இடையிடையே கம்பளித் துண்டு போன்ற ஏதேனும் ஒன்றை வெட்டி வைத்தார்கள். வகுப்பறையில் மாணவர் கண்ட முதுகின் வளைவு, இறந்தவரின் வளைவாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கோத்தவரின் கைவளைவாகவும் இருக்கலாம்.

இந்த வணிகம் விடுதலைக்குப் பின்னும் நின்றுவிடவில்லை. 1984இல் மட்டும் இந்தியாவிலிருந்து 60,000 மண்டையோடுகளும் எலும்புக்கூடுகளும் ஏற்றுமதியாயின என்று மறு ஆண்டு சிகாகோ ட்ரிப்யூன் எழுதியது. குழந்தைகளின் எலும்புக்கூடுகள் பெருமளவில் அனுப்பப்பட்டன என்ற செய்தி பெருங்கொந்தளிப்பை எழுப்ப, 1985இல் இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியைத் தடைசெய்தது. உலகெங்கும் வகுப்பறைகளில் நெகிழி எலும்புகள் பெருக இதுவும் ஒரு காரணம். தடைக்குப் பின்னும் கள்ள வணிகம் தொடர்ந்தது. 2007இல் மேற்கு வங்காளத்தின் பூர்வஸ்தலியில் காவல்துறை எலும்புக் குவியலைக் கைப்பற்றியது அதற்குச் சான்று.

நெகிழி வந்ததும் கணக்கு தீர்ந்துவிட்டதா? நெகிழி மாதிரிகளை விற்போர் பலர், உண்மை எலும்பிலிருந்து அச்செடுத்தவை என்பதையே சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். அப்படியானால் அந்த நகல்களுக்கும் ஒரு மூலவர் உண்டு. கேட்டுப் பெற்ற உடலா, கேளாமல் எடுத்ததா என்பதை அட்டைப்பெட்டி நமக்குச் சொல்வதில்லை.

இங்கேதான் பெயர்கள் என்னைத் தொந்தரவு செய்கின்றன. ஒரு முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, ஒன்றாக இணைந்த திரிகத்தில் 5, வாலெலும்பில் பெரும்பாலும் 4 என 33 முள்ளெலும்புகள். தலையைத் தாங்கும் முதல் எலும்புக்கு, வானைச் சுமந்த கிரேக்கத் தொன்மப் பாத்திரத்தின் நினைவாக அட்லஸ் என்று பெயர். திரிகத்துக்கு இலத்தீனில் ‘புனித எலும்பு’. வாலெலும்பின் கிரேக்கப் பெயருக்குக் குயில் என்று பொருள். வடிவம் அதன் அலகை ஒத்திருக்கிறதாம். இத்தனை பெயர்களையும் மாணவர் மனப்பாடம் செய்கிறார். அவற்றைச் சுமந்து வாழ்ந்தவருக்கு மட்டும் பெயர் இல்லை.

அப்பெயர் தற்செயலாகத் தொலைந்ததன்று. கொதிநீரும் அமிலமும் தசையோடு அடையாளத்தையும் சேர்த்தே கழுவின. 2024இல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்த ஒரு நாகா மண்டையோடு, நாகாலாந்தில் எழுந்த எதிர்ப்பால் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள தம் மூதாதையரின் எச்சங்களை மீட்க நாகா மக்கள் பேசிவருகிறார்கள். அவை ‘நாகா’ என்ற குறிப்போடு சேகரிக்கப்பட்டவை. எனவே கேட்பதற்கு ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது. வகுப்பறை எலும்போ யாருடையதாகவும் இல்லாமல் ஆக்கப்பட்ட பிறகே விற்கப்பட்டது. அதை யார் வந்து கேட்பார்?

‘உரிமை கோரப்படாத உடல்’ என்ற தொடரை 1832இன் சட்டத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை. 1949இன் பம்பாய் உடற்கூற்றியல் சட்டமும் அதன்மேல்தான் நிற்கிறது. உரிமை கோர எவரும் வராததை இறந்தவரின் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளும் தர்க்கம் அது. உடற்கொடை செய்தவர்களின் கண்ணியத்துக்கும் இதற்குமுள்ள தொலைவு பெரிது.

எலும்பை வைத்துக் கற்பிக்கக் கூடாது என்பது என் வாதமன்று. பல தலைமுறை மருத்துவர்கள் அவற்றிலிருந்தே கற்றார்கள். அக்கடனை மறைக்காமல் இருப்போம் என்பதே என் வேண்டுகோள். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் துறையின் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். நெகிழி என்றால் நெகிழி என்றே எழுதுங்கள். எலும்பு என்றால், ‘மாதிரி’ என்பதை அடித்துவிட்டு, ‘மனித எலும்பு, யாருடையது என்று தெரியவில்லை, ஒப்புதல் பெற்றதற்குப் பதிவு இல்லை’ என்று எழுதுங்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.