உப்பனாற்றின் கதை

பெருமாள் ஏரியிலிருந்து வடக்கு நோக்கி வரும் பரவனாறும், மேற்கிலிருந்து வரும் கெடிலமும் சமுத்திரத்தைச் சேருமுன் கூடிக் கலக்க, மணல்மேட்டுக்கு உட்புறமாகக் கடற்கரையை ஒட்டியே நீண்டு கிடக்கும் உப்பனாறு என்னும் உப்பங்கழிதான் கடலூர் முதுநகரை உண்டாக்கிற்று.

அதை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690-ல் விலைக்கு வாங்கியதையும், 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் சில ஆண்டுக் காலம் அதுவே கம்பெனியின் தலைமை ஸ்தலமாக விளங்கியதையும், 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்ததையும் சரித்திர ஆசிரியர்கள் விரிவாக வர்ணிக்கிறார்கள். ஆனால் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, துறையிலிருந்து தோணிகள் சரக்கைச் சுமந்து சென்றது இந்தக் கழியின் வழியாகத்தான் என்பதை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கோட்டை இடிந்த பிறகும் கழி ஜனங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

மடவையும் கொடுவாவும் நண்டும் மட்டியும் அதில் மலிந்திருந்தன. படகுக்கும் வலைக்கும் வழியில்லாத ஏழைகள், வற்றத்தில் கழித் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும் வேளை பார்த்து, பறி என்ற கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, விரல் நுனியில் இறாலின் துடிப்புப் பட்ட கணத்திலேயே அதை அமுக்கிப் பறிக்குள் போடுவார்கள். தண்ணீரின் தெளிவையும் சேற்றின் பதத்தையும் உடம்பாலேயே அறிந்த தொழில் அது. தெற்கே கிள்ளைப் பக்கத்து இருளர் பழங்குடியினரிடம் இன்றும் அதைக் காணலாம்.

1980-களில் உப்பனாற்றின் மேல்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மருந்தும் சாயமும் பூச்சிக்கொல்லியும் செய்யும் ஆலைகள் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய கிராமங்களின் வாசலிலேயே எழும்பித் தம் கழிவைக் கழியில் விட்டன. உவர்நிலம் எதற்கும் பிரயோஜனமற்றது என்ற எண்ணமே இந்த அநியாயத்துக்கு வித்து என்பது என் அபிப்பிராயம். ஓடும் ஆறானால் விட்ட கழிவைக் கொண்டுபோய்விடும். கழியோ கடலின் ஏற்றத்திலும் வற்றத்திலும் முன்னும் பின்னும் அலைவது, கோடையில் முகத்துவாரம் மணலால் குறுகித் தேங்கி நிற்பது. அதில் கலந்த நஞ்சு சேற்றில் தங்கிவிடுகிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று கணித்த 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்றாயிற்று.

நசிந்த கழி மீளாதென்று சொல்வதற்கில்லை. இதே ஜில்லாவில் பிச்சாவரத்துக் கண்டல் காடு, கூறு கூறாக வெட்டப்பட்ட முறையினால் நிலம் குழிந்து, உப்புநீர் தேங்கிப் பட்டுப்போன இடங்களில், 1990-களில் வனத்துறையாரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கால்வாய்கள் வெட்டிக் கடலோதம் பாயும்படி செய்ததனால் மறுபடியும் தழைத்தது. சிதம்பரத்தின் ஸ்தல விருக்ஷமான தில்லை இன்று செழித்திருப்பதும் அங்கேதான். 2022-ல் பிச்சாவரம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. உப்பனாற்றுக்கு அத்தகைய பராமரிப்பு கிட்டவில்லை.

மழைக்காலத்தில் பெருமாள் ஏரியின் உபரிநீரும் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரும் கடலுக்கு இறங்குவது இந்தக் கழியின் வழியாகவே என்பதால், அது தூர்ந்தால் நகரமும் தத்தளிக்கும். ஆகவே அதன் கரையில் இனி ஓர் ஆலைக்கு அனுமதி தருமுன், அதில் இறங்கி மீன்பிடிப்பவர்களின் சம்மதத்தைப் பெறவேண்டும். சேற்றில் படிந்த நஞ்சை அகற்றும் செலவை அதை விட்டவர்களே ஏற்கவேண்டும். கடலூர்வாசிகள் இவ்விரண்டையும் சர்க்காரிடம் விடாது வற்புறுத்திக் கேட்பார்களாக.